இரண்டாவதாகக் கேட்டவர்

என் சித்தப்பா கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுப்பவர். ஐந்து மாடிக் கடைக் கட்டடம் ஒன்றின் அடியில், தரையிலிருந்து இரண்டு தளம் கீழே, அவருக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு நாற்காலி, சீட்டு அச்சடிக்கும் மெஷின், சுவரில் ஒரு மின்விசிறி, யாராவது தவறவிட்டுப் போகும் பொருள்களுக்காக ஒரு அட்டைப்பெட்டி. கைப்பேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. கார்கள் ஏறிப் போகும் சரிவில் பாதி தூரம் நடந்தால் ஒரு கோடு வரும். வளைவு வரை போனால் மூன்று கோடு.

சிக்னலைப் பற்றி முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினொரு வருடங்களாக சித்தப்பாவின் வாழ்க்கையில் முக்கியமாக நடந்தது எல்லாம் அந்த வளைவில் நின்றுதான் நடந்தது. ஏலம் முடிகிற நிமிடத்தில் கூண்டைப் பூட்டிவிட்டு ஓடுவார். கீழே வண்டிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிக்கும். "யோவ், சீட்டு குடுக்கற ஆளு எங்கயா?" என்று யாராவது கத்துவார்கள். அவர் வளைவில் சுவரோடு சாய்ந்து, கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஒரே நிமிஷம் சார், வயிறு சரியில்ல" என்பார். அந்த நிறுத்துமிடத்தில் அவருக்கு "வயிறு" என்றே பெயர்.

அவர் சேர்த்தது தீப்பெட்டி லேபிள்கள். எப்போதோ மூடிப்போன ஒரு தீப்பெட்டிக் கம்பெனி, பெட்டிகளின் மேல் ஒட்டுவதற்காகப் பறவைப் படங்கள் போட்டது. மொத்தம் அறுபது பறவைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதில் ஒன்று, மீன்கொத்தி, அந்த அட்டைப்பெட்டிக்குள் யாரோ விட்டுப்போன புத்தகத்தின் நடுவில் கிடந்தது. ஒரு வருடம் யாரும் கேட்டு வரவில்லை. சித்தப்பா சும்மா இருக்க முடியாமல் வளைவுக்குப் போய்க் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். ஓர் ஏல இணையதளத்தில் அதே மீன்கொத்தி இரண்டு சினிமா டிக்கெட் விலைக்குப் போயிருந்தது.

"ஒரு துண்டு காகிதம்டா. அதுக்குப் பின்னாடி எவனோ ஒருத்தன் ஓடியிருக்கான்," என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அவரைக் கட்டிப்போட்டது காகிதமா, அதன் பின்னால் ஓடிய ஆளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஏலத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் சித்தப்பாவுக்கு நடந்ததும் புரியாது. விற்பவர் படம் போட்டு, ஒரு ஆரம்ப விலை வைப்பார். ஏழு நாள் அவகாசம். வாங்க நினைப்பவர் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தளத்திடம் ரகசியமாகச் சொல்லி வைக்கலாம். தளம் அதை ஒரேயடியாகச் செலவழிக்காது. வேறு யாராவது கேட்டால் அவரைவிட ஒரு படி மட்டும் உயர்த்தும். நீங்கள் நூறு வரை தயார், இன்னொருவர் இருபது வரைதான் தயார் என்றால், உங்களுக்கு இருபத்தொன்றுக்குக் கிடைத்துவிடும். அதாவது விலையை முடிவு செய்வது ஜெயிக்கிறவர் இல்லை. இரண்டாவதாகக் கேட்டுத் தோற்கிறவர்.

சித்தப்பாவிடம் தோற்றுக்கொண்டே இருந்தவர் ஒருவர்தான். தளத்தில் முழுப்பெயர் காட்டமாட்டார்கள். முதல் எழுத்து, மூன்று நட்சத்திரம், கடைசி எழுத்து, அவ்வளவுதான். இவர் "ம", மூன்று நட்சத்திரம், "4". சித்தப்பா அவரை மானா நாலு என்று கூப்பிட்டார்.

மீதிப் பறவைகள் எல்லாம் ஒரே விற்பனையாளரிடமிருந்துதான் வந்தன. அவர் இரண்டு மாதத்துக்கு ஒன்று போடுவார். சித்தப்பா கேட்டதும் மானா நாலு வந்துவிடுவார். படிப்படியாக ஏற்றிக்கொண்டே வருவார். சித்தப்பா எப்போதும் முழு எண்ணாகத்தான் உச்சம் வைப்பார், ஐந்நூறு, ஆயிரம் என்று. மானா நாலு அதற்கு ஒரு படி கீழே வந்து நின்றுவிடுவார். சித்தப்பா ஜெயித்துவிடுவார்.

"பாத்தியா, மூச்சு வாங்கிட்டான்," என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

சித்திக்கு மானா நாலு என்றாலே எரிச்சல். "வந்துட்டாளா என் சக்களத்தி? இன்னிக்கு எவ்வளவு புடுங்கினா?" என்பார். "சாப்பிட உக்காந்தா அவ பேச்சு, படுத்தா அவ பேச்சு. எங்கூட இவ்வளவு நேரம் பேசியிருக்கீங்களா?"

"நீ என்ன ஏலத்துலயா வந்த?" என்பார் சித்தப்பா.

மூன்று தடவை மானா நாலு ஒரு படி தாண்டிப் போய் ஜெயித்துவிட்டார். மூன்று தடவையும் இரண்டு நாள் கழித்து விற்பனையாளரிடமிருந்து சித்தப்பாவுக்குக் கடிதம் வந்தது: ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே உங்களுக்குத் தரத் தயாராக இருக்கிறேன். சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கூடவே கொஞ்சம் வருத்தம். "பாவம், அவனுக்கும் கை கடிக்குது போல," என்றார்.

இன்னொன்றும் நடந்தது. மானா நாலு தொடர்ந்து நான்கு ஏலங்களில் தோற்றிருந்தார். ஐந்தாவதாக ஒரு நாரை வந்தபோது சித்தப்பா வேண்டுமென்றே கேட்காமல் இருந்தார். "இத அவன் எடுத்துக்கட்டும். நம்ம மாதிரி ஒரு ஜீவன்தானே," என்றார். ஏழு நாள் ஓடியது. நாரையை யாருமே கேட்கவில்லை. விற்காமல் திரும்பிப் போய், அடுத்த வாரம் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. சித்தப்பாவுக்குக் கவலையாகிவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்டவர் நாரையை எப்படி விடுவார்? உடம்புக்கு முடியவில்லையோ, ஆஸ்பத்திரியில் இருக்கிறாரோ என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நாரையைக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் மானா நாலு வந்துவிட்டார்.

"உடம்பு தேவலையாயிடுச்சு போல," என்றார் சித்தப்பா, நிம்மதியாக.

இப்படித்தான் பதினொரு வருடம் போனது. புதுச்சட்டை வாங்காமல், வெளியே ஒரு காபி குடிக்காமல், வேலைக்கு நடந்தே போய் வந்து அறுபது பறவைகளையும் சேர்த்துவிட்டார். கடைசியாக வந்தது ஆந்தை. அதற்கு மட்டும் ஒன்றரை மாதச் சம்பளம்.

சித்தி இரண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரியில் வேலை செய்தார். பதினான்கு வருடமாக அங்கே இருக்கும் பெரிய நீராவிப் பெட்டியில் சட்டையும் விரிப்பும் தேய்ப்பது அவர் வேலை. அந்த மெஷினின் மிதியை இடது ஓரத்தில் அழுத்தினால்தான் மூடி இறங்கும். வேறு யார் மிதித்தாலும் பாதியில் நின்றுவிடும். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள் சித்திக்கு.

போன வருடம், மாத ஆரம்பத்தில் ஒரு நாள், லாண்டரிக்காரர் சித்தியைக் கூப்பிட்டார். அவருக்கு வயதாகிவிட்டது. மகள் வீட்டோடு போய்விடப் போகிறார்.

"ஏம்மா, கடைய வெளியாள்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல? மெஷின், இடம், வாடிக்கைக்காரங்க எல்லாம் சேத்து சொல்றேன். பாதிய முன்னாடி குடு, மீதிய மாசாமாசம் கட்டு. முப்பதாம் தேதி வரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கமாட்டேன்."

சித்தி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நடக்காத விஷயம் என்பதால். சித்தப்பா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஆல்பத்தையும் ஒரு நோட்டையும் எடுத்து வந்தார்.

"வித்துடலாம்," என்றார்.

"எத?"

"பறவைய."

சித்தி அவரையே பார்த்தார். "யாரு வாங்குவா?"

"என்ன கேள்வி கேக்கற? மானா நாலு இருக்கான்ல? பதினொரு வருஷமா ஒவ்வொண்ணுக்கும் எங்கூட மல்லுக்கு நின்னவன். இப்ப அறுபதும் ஒண்ணா வருதுன்னா விடுவானா?"

நோட்டில் அறுபது எண்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தொகை. அது சித்தப்பா கொடுத்த விலை இல்லை. மீன்கொத்திக்கு மட்டும் பழைய ஏல விலை, மற்றதெல்லாம் மானா நாலு கடைசியாகக் கேட்ட விலை. "நான் குடுத்தது என் கிறுக்கு, அத கணக்குல சேக்கக் கூடாது. அவன் கேட்டதுதான் நியாயமான விலை. இவ்வளவு குடுக்க இன்னொருத்தன் தயாரா இருந்தான்னு அர்த்தம்," என்று சித்திக்கு விளக்கினார். கூட்டுத்தொகை லாண்டரிக்காரர் சொன்ன முழு விலையையும் தாண்டி இருந்தது.

சித்தி அந்த நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அந்த லேபிள்களைப் பற்றி அவர் ஒருநாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு நம்பினார். மறுநாள் லாண்டரிக்காரரிடம் போய், "நானே எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டார். அவர் அன்றிலிருந்து விளையாட்டாக "வாங்க முதலாளியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். சித்தி வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருந்து, பதினான்கு வருடமாகக் கழுவாத ஜன்னலைக் கழுவினார்.

படம் எடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. சித்தி ஒரு வெள்ளை விரிப்பைச் சுருக்கமே இல்லாமல் தேய்த்துக் கொண்டுவந்து ஜன்னலோரம் விரித்தார். அதன்மேல் ஒவ்வொரு பறவையாக வைத்து எடுத்தார்கள். ஆரம்ப விலையை சித்தப்பா மிகவும் குறைவாக வைத்தார். குறைவாக வைத்தால்தான் கூட்டம் வரும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் நம்புகிற விஷயம். ஏலம் அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும்.

திங்கள் ஒன்றுமில்லை. செவ்வாய் ஒன்றுமில்லை. "அவன் எப்பவும் முதல்ல கேக்கமாட்டான். நான் கேட்டப்புறம்தான் வருவான், அது அவன் ஸ்டைல்," என்றார் சித்தப்பா. வியாழக்கிழமையன்று சித்தியின் தம்பி வந்தார். பழைய கைப்பேசிகளை வாங்கி விற்பவர். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"எவ்வளவு பேர் பாத்திருக்காங்க மாமா?"

"பதினாலு பேர், மாப்ள."

"அதுல பத்து தடவை நீங்க, மூணு தடவை அக்கா. மிச்சம் ஒருத்தன் வழி தப்பி வந்திருப்பான்."

"போடா," என்றார் சித்தி. ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் முதல் ஏலக் கேள்வி விழுந்தது. சித்தப்பா வளைவில் நின்று பார்த்தார். மானா நாலு இல்லை. "த", மூன்று நட்சத்திரம், "1". புதிய ஆள், தானா ஒன்று. இரண்டாவது ஆள் யாரும் இல்லாததால் விலை ஆரம்ப விலையிலேயே நின்றது. அப்படியே முடிந்தால் பதினொரு வருடச் சேகரிப்பும் ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்குப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா விடுப்பு எடுத்திருந்தார். நான்கு மணியிலிருந்து சித்தியின் தம்பியோடு மூவரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தியின் தம்பி சும்மா இராமல் சித்தப்பாவின் பழைய ஏலங்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மானா நாலின் எழுத்தைத் தொட்டார். சின்னதாக ஒரு பெட்டி திறந்தது.

"மாமா, இத பாத்திருக்கீங்களா? இந்த விற்பனையாளரிடம் ஏலம் கேட்ட விகிதம், நூத்துக்கு நூறு."

"பாத்திருக்கேனே. விசுவாசமான ஆளு. வேற எவன்கிட்டயும் போகமாட்டான்."

"பதினொரு வருஷமா ஒரே கடைக்குத்தான் போயிருக்கான். ஒரு தடவைகூட ஒண்ணும் வாங்கல. இது விசுவாசமா மாமா?"

"வாங்க முடியல. நான்தான் விடலயே."

"மாமா, அவன் வாங்கறதுக்கு வரல. உங்கள வாங்க வைக்கறதுக்கு வந்திருக்கான். விக்கறவனே இன்னொரு பேர்ல உக்காந்திருக்கான்."

சித்தப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "உன் செகண்ட் ஹேண்ட் புத்திய எங்கிட்ட காட்டாத. நாரை வந்தப்ப அவன் முடியாம படுத்திருந்தான், தெரியுமா உனக்கு?"

சித்தியின் தம்பி அக்காவைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

ஐந்தரை ஆயிற்று. மானா நாலு வரவில்லை. அப்போதுதான் சித்தப்பா சித்தியின் கைப்பேசியைக் கேட்டார். எதற்கு என்று சித்தி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பஸ்ல துண்டு போட்டு இடம் புடிக்கிறதில்ல? அது மாதிரி. அவன் வர்ற வரைக்கும் அவன் இடத்துல நான் ஒரு துண்டு போட்டு வைக்கறேன். அவன் வந்ததும் எடுத்துடுவேன்."

சித்தியின் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்தார். மூன்று நிமிடம் ஆனது. விவரங்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்ததால் வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு சரியாக நிரப்பினார். பிறகு தன் ஆல்பத்தைத் தானே கேட்டார்.

தானா ஒன்று உடனே ஒரு படி மேலே போனார். அதாவது அவர் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்த உச்சம் இன்னும் மேலே இருந்தது. சித்தப்பா மறுபடி ஏற்றினார். மறுபடியும் தானா ஒன்று. ஏற ஏற, சித்தப்பாவின் விரல் வேகமாகிக்கொண்டே போனது. ஐந்து ஐம்பதுக்கு விலை லாண்டரிக்காரர் முன்பணமாகக் கேட்ட பாதித் தொகைக்கு வந்து நின்றது. தானா ஒன்றுதான் மேலே இருந்தார்.

"போதும்ங்க," என்றார் சித்தி. "பாதி வந்துடுச்சு. பாதி போதும்னு அவரே சொன்னார்ல? கைய எடுங்க."

"இரு. இவன் இன்னும் போவான்."

"ஏங்க, போதுங்க."

"எல்லாரும் முழு எண்ணாத்தான் வைப்பாங்க. அடுத்த ஆயிரத்துக்கு ஒரு படி கீழ நிறுத்திடறேன். எனக்குத் தெரியாதா? நானே அப்படித்தானே வைப்பேன்."

ஒரு படி அழுத்தினார். தானா ஒன்று மேலே போனார். இன்னொரு படி அழுத்தினார்.

இந்தத் தடவை தானா ஒன்று மேலே வரவில்லை. அதிகபட்சம் கேட்டவர் என்ற இடத்தில் சித்தியின் கணக்கு நின்றது. சித்தப்பா திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். தானா ஒன்று முழு எண்ணில் வைக்கவில்லை. அவர் வைத்திருந்தது சில்லறையோடு கூடிய ஏதோ ஒரு தொகை. அது தாண்டிப் போய்விட்டது.

கேட்டதைத் திரும்ப எடுக்கக் கடைசி மணி நேரத்தில் தளம் விடாது. இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. "வா... வா..." என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்கு சித்தியின் கைப்பேசி மணியடித்தது. வாழ்த்துகள், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

சித்தி கேட்டார்: "இப்ப என்ன பண்றது?"

"ஜெயிச்சவர் பணம் கட்டலன்னு ரெண்டாவதா கேட்டவருக்கு எழுதணும். நீங்க கடைசியா கேட்ட விலைக்கே..." என்று ஆரம்பித்த சித்தப்பா பாதியில் நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தை ஏற்கெனவே படித்திருப்பது அவருக்குச் சொல்லும்போதே நினைவுக்கு வந்தது. தன் கைப்பேசியை எடுத்துப் பழைய கடிதங்களைத் தேடினார். மூன்றும் இருந்தன. ஒன்று காட்டுப்புறாவுக்கு, ஒன்று கொக்குக்கு, ஒன்று பருந்துக்கு. மூன்றையும் சித்தியிடம் காட்டினார்.

சித்தி படித்தார். "அப்ப அந்த ஆளு?"

"இல்ல."

"யாருமே இல்லயா?"

"யாருமே இல்ல."

பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ஐம்பத்தொன்பது தொகைகள் யாருமே கேட்காத தொகைகள். நாரையை அவர் கேட்காமல் விட்ட அந்த ஏழு நாள்தான் அதன் உண்மையான விலையைச் சொல்லியிருக்கிறது.

ஆனால் முப்பதாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. தானா ஒன்று என்று நிஜமாகவே ஓர் ஆள் இருந்தார். சித்தி சொன்னார், "எழுதுங்க. வேற என்ன வழி?" சித்தப்பா எழுதினார். வேறு விதமாக எழுதிப் பார்த்தார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அந்த மூன்று கடிதங்களில் இருந்த அதே வாக்கியம்தான் வந்தது.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. சித்தப்பா அதை வளைவில் நின்று படித்தார்.

"ஐயா, நானும் பன்னிரண்டு வருடமாகப் பறவை லேபிள்கள் சேர்க்கிறேன். என்னிடம் இருபத்தாறு இருக்கின்றன. அறுபதையும் ஒன்றாகப் பார்த்ததும் ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. என்னால் முடிந்த கடைசிப் பைசா வரை கணக்குப் போட்டுத்தான் கேட்டேன். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பல பேரிடமிருந்து பல தடவை வந்திருக்கிறது. முதல் சில தடவை ஏமாந்தேன். இனி மாட்டேன். தளத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அறுபதையும் சேர்த்த ஒருவர் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை."

கீழே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சித்தப்பா பதில் எழுத ஆரம்பித்தார். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஆரம்பித்து, வீட்டில் ஒரு அவசரம் என்று எழுதி, நீங்கள் கேட்ட விலையில் பாதிக்கே தருகிறேன் என்றும் எழுதினார். அனுப்பும்போது போகவில்லை. சிக்னல் இல்லையோ என்று இன்னும் மேலே, வெயில் படுகிற இடம் வரை போனார். அங்கே திரையில் வேறு ஒன்று வந்தது. ஏலம் கேட்டவரும் விற்றவரும் ஒரே முகவரியில் இருப்பதால் இரண்டு கணக்குகளும் நிரந்தரமாக முடக்கப்படுகின்றன.

அன்று மாலை சித்தியின் தம்பி கணக்கு மூலம் தளத்துக்கு ஒரு புகார் அனுப்பினார்கள். மானா நாலைப் பற்றி, பதினொரு வருடத்தைப் பற்றி, மூன்று கடிதங்களையும் இணைத்து. இரண்டு நாளில் பதில் வந்தது. சரிபார்த்தோம், அந்த விற்பனையாளருக்கும் ஏலம் கேட்டவருக்கும் தொடர்பு இருப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

"அவன் பொய் அட்ரஸ் குடுத்திருப்பான் மாமா," என்றார் சித்தியின் தம்பி. இந்தத் தடவை கிண்டல் இல்லை.

ஆல்பத்தை அவர் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். படங்களை ஏற்றியதும், முடக்கப்பட்ட பொருள் என்று தளம் தானாகவே நீக்கிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி சித்தப்பா ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பழைய நாணயங்களும் கடிகாரங்களும் விற்கும் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"ஆல்பம் நல்லாயிருக்கு. தோல் அட்டை. இதுக்கு ஏதாவது தரலாம்."

"உள்ள இருக்கறதுக்கு?"

"அதெல்லாம் எடுத்துட்டுக் குடுங்க."

சித்தப்பா ஆல்பத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கும் நடந்தேதான் வந்தார்.

முப்பதாம் தேதி சித்தி லாண்டரிக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் திட்டவில்லை. "அப்பவே முடியாதுன்னு சொல்லியிருந்தா இன்னொருத்தர் இருந்தாரேம்மா, அவர வேண்டாம்னு அனுப்பிட்டேனே," என்று மட்டும் சொன்னார். நல்ல விலைக்கு வந்த அந்த ஆள் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கடைசியில் இடம் தனியாக ஒரு மருந்துக்கடைக்குப் போனது. மெஷினை ஒரு ஹோட்டல்காரர் வாங்கிக்கொண்டார். நான்கு பேர் அதைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது சித்திதான்.

ஹோட்டலில் யார் மிதித்தும் மூடி இறங்கவில்லை. ஒரு வாரத்தில் ஆள் தேடி வந்தார்கள். இப்போது சித்தி அந்த ஹோட்டலின் அடித்தளத்தில் அதே மெஷினில் தேய்க்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். "மெஷின வாங்கினா ஆளு இலவசம்னு போட்டிருந்தான் போல," என்று எங்களிடம் சொன்னார். நாங்கள் சிரித்தோம். சித்தப்பா சிரிக்கவில்லை.

சித்தப்பா இப்போது சரிவில் ஏறுவதில்லை. நாள் முழுதும் கூண்டுக்குள்ளேயே இருக்கிறார். அவரை "வயிறு" என்று கூப்பிட்டவர்கள், வயிறு சரியாகிவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். மானா நாலைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. தானா ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார். அவர் எந்த ஊராக இருக்கும், என்ன வேலை பார்ப்பார், அவரிடம் இல்லாத முப்பத்து நான்கு எவையெவை என்று. அவருக்கு எப்படியாவது ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று என்னிடமும் கேட்டார். முதல் எழுத்தையும் கடைசி எண்ணையும் வைத்துக்கொண்டு ஓர் ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோதும் அந்தப் பேச்சு வந்தது. சித்தி வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவர் அட்ரஸ் கிடைச்சுதுன்னே வைங்க. என்ன எழுதுவீங்க?"

"நான் ஏமாத்துறவன் இல்லன்னு எழுதுவேன்."

"ஏமாத்தினோமே," என்றார் சித்தி.

அவர் குரலில் கோபம் இல்லை. "ஆமா," என்றார் சித்தப்பா.